ஓரையும் மலையும்: யவனச் சொற்கள் சில

பதுளையில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மாலை வகுப்பில் பிள்ளைகளின் தொகை குறைந்துவிடும். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வருவோர் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப வேண்டும்; மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டால் அன்று வீடு சேர்வது நிச்சயமன்று. அத்தகைய ஒரு நாளில் எஞ்சியிருந்த ஏழெட்டு மாணவருக்கு இலக்கணம் நடத்த எனக்கு மனம் வரவில்லை. கரும்பலகையில் இலங்கைத் தீவைப் பெரிதாக வரைந்தேன். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி என்னும் கிரேக்கப் புவியியலார் இத்தீவுக்குச் சூட்டிய பெயர்களை ஒவ்வொன்றாக அதில் எழுதினேன். தப்ரொபனே என்பது தீவின் பெயர். கங்கேஸ் என்பது ஓர் ஆறு. நம் துன்ஹிந்தை அருவியாய் விழும் பதுளை ஓயா போய்ச் சேரும் மகாவலி கங்கையே அது என்பர். நடுவே ஒரு மலைத்தொகுதி. அதன் பெயர் மலையா.

அதன் தென்னடிவாரத்தில் யானைகள் மேயும் நிலங்கள் உள்ளன என்றும் தொலமி குறித்திருக்கிறார். வெல்லவாயப் பக்கத்தில் உறவினர் உள்ள ஒரு பிள்ளை, “இன்றைக்கும் அங்கே யானைதான், சேர்” என்றாள். எல்லோரும் சிரித்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. மலையக மக்கள் இத்தீவுக்கு வந்த 200ஆம் ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்ட பிறகு, எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் அப்பொருள்பற்றிய பேச்சுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. அவனும் அவ்வாறான ஒரு பேச்சை ஆயத்தம் செய்துகொண்டிருந்தான். அவன் கேட்டான்: “சேர், மலையா என்றால் மலைதானே? அப்படியென்றால் ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முன்னமே நாங்கள் இங்கே இருந்திருக்கிறோம் என்று சொல்லலாமா?”

இக்கேள்விக்கு உடனே விடை கூறாது நான் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. அது என் இளமைக்காலத்து அவமானம் ஒன்றைப் பற்றியது.

பண்டிதப் பட்டம் பெற்ற புதிதில் எனக்கு முப்பது வயதிராது. ஓர் இலக்கியக் கூட்டத்தில், கிரேக்க மொழியின் செல்வமெல்லாம் தமிழிலிருந்து கடன்பட்டதே என்று முக்கால் மணிநேரம் முழங்கினேன். அரிசியே கிரேக்கரின் ‘ஒரூசா’ ஆயிற்று என்றபோது கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று. கூட்டம் கலைந்தபின், குருமடத்தில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்றிருந்த முதியவர் ஒருவர் என்னருகே வந்தார். “தம்பி, கிரேக்க எழுத்துத் தெரியுமோ?” என்று மிகவும் மெதுவாகக் கேட்டார். தெரியாது என்றேன். “அப்ப எந்த ஊர்க் கிரேக்கன், எந்த வருசம், ஆரிட்டை அரிசி வாங்கினவன் எண்டு எனக்கு ஒருக்காச் சொல்லும் பாப்பம்” என்றார். என்னால் வாய்திறக்க முடியவில்லை. மறுவாரமே அவர் வீட்டுத் திண்ணையில் ஆல்பா, பீற்றா எழுதத் தொடங்கினேன். நான் இன்று அறிந்திருக்கும் சொற்ப கிரேக்கம் அத்திண்ணையில் கிடைத்ததே.

ஒரூசாவின் கதை அவர் வாயிலாகத்தான் எனக்குத் தெளிந்தது. கிரேக்கர் நெற்பயிரைச் செவ்வையாக அறிந்தது அலெக்சாந்தர் படையெடுப்புக்குப் பின்னர். அரிஸ்தோத்திலின் மாணாக்கராகிய தியோபிராஸ்தஸ் தம் பயிரியல் நூலில் அதைக் குறிக்கிறார். அப்படை வந்தது பாரசீகத்தின் வழியாக, சிந்து நதிப் பக்கத்துக்கு. அங்கே வழங்கிய ஈரானியச் சொல்லொன்றே, வடமொழி ‘வ்ரீஹி’யோடு உறவுடையது, ஒரூசாவின் நேர்மூலம் என்பது பலர் முடிவு. வ்ரீஹிக்கும் அரிசிக்கும் இடையே அதனினும் பழையதொரு தொடர்பு இருக்கலாம் என்று கருதும் மொழிநூலாரும் உளர். வழக்கு இன்னும் தீரவில்லை. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயர் காலந்தொட்டு இது பேசப்பட்டு வருகிறது. ஒலி ஒத்துவிட்டது என்ற ஒன்றை மட்டும் கொண்டு தீர்ப்பெழுதியது என் பிழை.

ஆனால் இஞ்சியின் சங்கதி வேறு. அதன் கிரேக்கப் பெயர் சிங்கிபெரிஸ், கி.பி. முதல் நூற்றாண்டு மருத்துவராகிய தியோஸ்கோரிதேஸ் நூலில் அது வருகிறது. பாளி மொழியில் அதன் பெயர் சிங்கிவேரம். இறுதியில் நிற்கும் ‘வேர்’ நம் வேரேயாம். தமிழில் இஞ்சி என உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னொருகால் முதலில் சகரம் இருந்தது என்றும், தென்றிராவிட மொழிகளில் அவ்வாறு சகரம் தேய்ந்த சொற்கள் பல என்றும் மொழிநூலார் காட்டியுள்ளனர். வடமொழியாளர் அதனைச் சிருங்கவேரம் ஆக்கி, கொம்பு போன்ற உடலையுடையது எனப் பொருள் கூறிக்கொண்டனர். சிங்களத்தில் அது இங்குரு. ஆங்கிலேயர் ஜிஞ்சர் என்கின்றனர். ஒலியும் பொருளும் பண்டம் சென்ற வழியும் ஒருங்கே பொருந்தி நிற்கும்போது ஐயம் கொள்ள இடமில்லை. பதுளைச் சந்தையில் இங்குரு என்று கேட்டு வாங்கி, வீட்டில் இஞ்சி என்று சொல்லி இடித்து, தேநீரில் இடும் நம் பெண்கள் ஒரு சொல்லின் இரு கிளைகளை நாள்தோறும் கையாளுகின்றனர்.

சொற்கள் கடல்கடக்கும்போது அடிபடுவதும் உண்டு. முசிறித் துறையிலிருந்து மிளகோடு ஏற்றுமதியான வாசனை இலை ஒன்றுண்டு. தமாலபத்திரம் என்பது அதன் வடமொழிப் பெயர். கிரேக்க மொழியில் பலவற்றைக் குறிக்கும் அஃறிணைப் பெயருக்கு முன்னே ‘தா’ என்னும் ஓர் அடைச்சொல் வரும். ‘தமாலபத்திர’ என்று வணிகர் கூறக் கேட்ட கிரேக்கன் முதலில் நின்ற தகரத்தைத் தன் மொழியின் அடைச்சொல்லாக எண்ணி வெட்டிவிட்டான். எஞ்சியது மலாபாத்ரொன். இவ்விளக்கம் அறிஞரிடையே நன்கு ஏற்கப்பட்டதாகும். இதைக் கேட்டு யவனனை நாம் நகைக்க வேண்டியதில்லை. காலைவேளையில் ஆட்களை வரிசையாய் நிறுத்தித் துரைமார் நடத்திய ‘பரேட்’ நம் தோட்டங்களில் பெரட்டு ஆயிற்று. வரிசை வீடுகளைச் சுட்டிய ‘லைன்’ லயம் ஆயிற்று. லயம் என்பது குதிரை லாயத்திலிருந்து பிறந்ததென்று சிலர் எழுதுகின்றனர். அது சொல்நூல் முறைக்கு ஒவ்வாது. ஆயினும், ஓர் அறையில் ஒரு குடும்பம் முழுதும் கிடந்த வாழ்வைக் கண்டவருக்கு அப்பிழை எளிதில் நம்பத்தக்கதாகவே தோன்றியிருக்கும். நானும் லயத்தில் பிறந்தவன்தான்.

மிளகின் கதையும் விசித்திரமானது. கிரேக்கர் அதைப் பெபெரி என்றனர். அது நம் மிளகு என்ற சொல்லன்று; பிப்பலி, அதாவது திப்பலி. வடக்கிலிருந்து தரைவழியே முதலில் சென்ற திப்பலியின் பெயர், பின்னர் சேரநாட்டிலிருந்து கடல்வழி குவியல் குவியலாகச் சென்ற கருமிளகுக்கும் ஒட்டிக்கொண்டது. பிளினி என்னும் உரோமர் எழுதிய விலைப்படி, ஓர் இறாத்தல் திப்பலி 15 தினாரியம், வெண்மிளகு 7, கருமிளகு 4. மலிந்த பண்டம் உயர்ந்த பண்டத்தின் பெயரைப் பெற்றது. மிளகு என்னும் சொல்லோ மரக்கலம் ஏறாமல் ஊரிலேயே தங்கிவிட்டது.

இனி அங்கிருந்து இங்கே வந்த சொற்கள். யவனர் என்பதே அவற்றுள் ஒன்று. அயோனியர் என்பார் கிரேக்கருள் ஒரு பிரிவினர். அப்பெயர் பாரசீகம் வழியாக வந்து, வடமொழியில் யவனர், பாளியில் யோனர், யோனகர் என்றாயிற்று. பாண்டுகாபயன் அநுராதபுரத்தில் யோனருக்கு இடம் வகுத்ததாக மகாவம்சம் கூறுகிறது. காலம் செல்லக் கிரேக்கர் வரவு நின்று அராபியர் வரவு மிக்கது. மேல்கடலிலிருந்து வருவோர் என்ற பொருளில் பழைய பெயரே புதியவர்க்கும் வழங்கிற்று. யோனகர் சோனகர் ஆயினர். பதுளைக் கடைவீதியில் எனக்கு முப்பது ஆண்டாகச் சீத்தைத் துணி விற்கும் சோனக நண்பரிடம் இதைக் கூறியபோது, “அப்ப நானும் ஹோமருக்குச் சொந்தக்காரனா, பண்டிதர்?” என்று கேட்டார். பெயரளவில் அப்படித்தான் என்றேன்.

சூரிங்க்ஸ் என்பது இடையன் ஊதும் குழலுக்குக் கிரேக்கர் இட்ட பெயர். பின்னர் அது உள்ளே துளையுடைய எதற்கும் ஆயிற்று. கோட்டையின் அடியில் அகழும் மறைவழிக்கும் ஆயிற்று. அப்பொருளில்தான் அது இந்நாடுகளுக்கு வந்தது. கௌடலீயத்தில் சுருங்கா என்றும், நம் பழைய காப்பியங்களில் சுருங்கை என்றும் காணப்படுகிறது. இன்றைய சுரங்கமும் அக்குடும்பத்ததே. தெமோதரையில் புகையிரதப் பாதை மலையைச் சுற்றி வளைந்து தன் நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்தில் நுழையும் அதிசயத்தை நம் பிள்ளைகள் அறிவார்கள். 1924இல் பதுளைக்குப் புகையிரதம் வந்த பாதை அது. அச்சுரங்கமும், ஆசுபத்திரியில் மருந்தேற்றும் சிரிஞ்சும் ஒரே இடையனின் குழலிலிருந்து பிறந்தவை என்று வகுப்பிற் கூறினால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள்.

ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்த சொல் ஹோரா. தமிழில் ஓரை. தொல்காப்பியக் களவியலில் ஓரை வருகிறது. உரையாசிரியர்கள் நல்வேளையைக் குறிக்கும் சொல்லாகவே அதைக் கொண்டனர். அது கிரேக்கச் சொல்லே, ஆதலால் தொல்காப்பியம் கிரேக்கச் சோதிடம் இங்கு வந்தபின் தோன்றியது என்றார் பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை. பலர் வெகுண்டெழுந்தனர். சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டைக் குறித்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர். என் கருத்து இது: வடிவால் ஒத்த இரு சொற்கள் அவை. விளையாட்டாகிய ஓரை தமிழ். நாழிகையாகிய ஓரை யவனம். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுத்தல் ஆகாது. அதுபோலவே, ஒரு சூத்திரத்தில் நின்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நூலின் காலத்தைக் கீழே இறக்குதலும் எனக்கு உடன்பாடன்று. வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில், அஹோராத்ரம் என்பதன் முதலெழுத்தும் ஈற்றெழுத்தும் கெட்டு ஹோரா ஆயிற்று என்றொரு விளக்கம் சொல்லப்படுகிறது. அழகான கற்பனை, ஆனால் கற்பனையே.

நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, சனி ஓரை என்று பார்க்கிறோமே, அஃது ஒரு மணிநேர அளவு. கிரேக்கச் சோதிடரின் கணக்கு அப்படியே அதில் உறைந்து கிடக்கிறது. சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்று சுற்றுவழியில் கோள்களை நிறுத்தி, மணிக்கொரு கோளாக எண்ணுக. ஞாயிற்றுக்கிழமை முதல் ஓரை ஞாயிற்றுக்குரியது. 8ஆவதும் 15ஆவதும் 22ஆவதும் மீண்டும் அதற்கே. 23 வெள்ளி, 24 புதன். மறுநாள் விடியலில் 25ஆவது ஓரை திங்களுக்கு வந்து நிற்கும். ஆகவே மறுநாள் திங்கட்கிழமை. ஞாயிற்றின் பின் திங்களும், திங்களின் பின் செவ்வாயும் வருவது ஏன் என்பதற்கு உரிய விடை இந்த ஓரைக் கணக்கில்தான் இருக்கிறது. தோட்டத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்க ஓரை பார்த்த என் பாட்டியார் கிரேக்கம் என்ற பெயரையே கேட்டிருக்கமாட்டார்.

கிரேக்கரிடத்தில் ஹோரா தொடக்கத்தில் மணிநேரத்தைக் குறிக்கவில்லை. ஹோமர் காலத்தில் அது ஆண்டின் பருவம். பிறகு நாளின் ஒரு கூறு. பிறகே பன்னிரண்டில் ஒன்றாகிய மணி. இதைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது என்று திண்ணையில் அந்த முதியவர் கேட்டபோது, காலம் என்றேன், நேரம் என்றேன், இரண்டையும் அவர் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்து இரவு முழுதும் யோசித்தபின் விடை கிடைத்தது. பொழுது. நம்மவர் பெரும்பொழுது என்று காரும் கூதிரும் சொன்னார்கள். சிறுபொழுது என்று மாலையும் யாமமும் சொன்னார்கள். பருவத்தையும் நாளின் கூறையும் ஒரே சொல்லில் அடக்கியது இரு மொழிக்கும் பொது. இன்னும் ஒன்று: பருவத்துக்கு வந்தது, கனிந்தது என்ற பொருளில் ஹொராயொஸ் என்றார்கள் கிரேக்கர், அதுவே அழகியது என்றாயிற்று. பருவம் என்னும் நம் சொல் மழைக்கும் ஆகும், மங்கைக்கும் ஆகும் அன்றோ? இங்கே எவரும் எவரிடமும் கடன் வாங்கவில்லை. மழையையும் வெயிலையும் எதிர்பார்த்து வாழ்ந்த இரு மக்கள் தனித்தனியே கண்ட ஒப்புமை இது. முப்பது வயதில் நான் முழங்கிய கடன்கதைகள் யாவற்றினும் இது எனக்கு இனிதாயிருக்கிறது.

மாணவனுக்கு வருகிறேன். மறுநாள் அவனைத் தனியே அழைத்துச் சொன்னேன். மலையா என்பது கப்பலோட்டிகள் இத்தீவினர் வாயிற் கேட்டுச் சென்ற பெயர். பாளி நூல்கள் இம்மலைநாட்டை மலயம் என்றே கூறும். அச்சொல்லின் வேர் நம் மலையோடு தொடர்புடையது என்பதை அறிஞர் பலர் ஏற்பர். ஆனால் சொல் வந்த காலத்தில் உன் கொள்ளுப்பாட்டன் வந்தான் என்று அதைக்கொண்டு சாதிக்க முடியாது. நம் முன்னோர் கோப்பிக் காலத்தில், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் மடிந்தவர் பலர். நாம் தொலமி காலத்திலேயே இங்கிருந்தோம் என்று சொன்னால், அவ்வழியில் வீழ்ந்தவர்களை நாமே மறைத்தவர்கள் ஆவோம்.

அவன் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். “1948இல் சட்டம் போட்டு எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கினார்களே, சேர். பழைய ஆட்கள் என்று காட்ட ஒன்றுகூட இல்லையா?” என்றான். என் தகப்பனார் இங்கே பிறந்து, இங்கேயே கவ்வாத்து வெட்டிக் கை காய்த்தவர். அவர் பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது. அவனுக்கு என்ன விடை சொல்வது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தொலமியிடம் அதற்கான அத்தாட்சி இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்த வயதில் அவனுக்கு ஒரு பெருமையைக் கொடுத்திருக்கலாமே என்று இரவில் மனம் அடித்துக்கொண்டது.

போட்டியன்று நானும் சென்றிருந்தேன். பேச்சில் மலையா வரவில்லை. அவன் எடுத்துக்கொண்ட சொல் கூலி. திருவள்ளுவர் ஆள்வினையுடைமையில் கூலி என்றது உழைப்பின் பயனை. அஃது ஊதியத்தின் பெயர். வெள்ளைக்காரர் அதை எடுத்து உழைத்த மனிதனுக்கே பெயராக்கினர். கொடுக்க வேண்டிய கூலியைக் குறைத்துவிட்டுப் பெயரை மட்டும் நிறையக் கொடுத்தார்கள் என்றான். அவையில் சிரிப்பும் எழுந்தது. பிறகு அமைதியும் எழுந்தது. ஆங்கிலச் சொல்லுக்குக் குஜராத்துக் கோலி என்னும் இனப்பெயரை மூலமாகக் காட்டுவோரும் உளர் என்று முன்னரே நான் அவனுக்குக் கூறியிருந்தேன். அதையும் மறைக்காது ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டே இறங்கினான். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று.

அடுத்த கிழமை வகுப்பில், யானையைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண்பிள்ளை, “கொழுந்துக்குக் கிரேக்கத்தில் என்ன, சேர்?” என்று கேட்டாள். அவள் தாயார் பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். தேயிலை கிரேக்கர் அறியாத பயிர் ஆயிற்றே என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து லிடலும் ஸ்கொட்டும் தொகுத்த பழைய அகராதியைப் புரட்டினேன். தல்லொஸ் என்பது இளந்தளிர். அதே வேரிலிருந்து பிறந்த தல்லோ என்னும் பெயரால் ஆதென்ஸ் நகரத்தார் ஒரு தேவதையை வழிபட்டனர் என்று பௌசானியஸ் என்பார் எழுதுகிறார். ஹோராக்கள் எனப்படும் பருவத் தேவதைகளுள் ஒருத்தி அவள். துளிர் விடும் பொழுதுக்கு உரியவள். இன்னொருத்தியின் பெயர் கார்ப்போ. அவள் காய்க்கும் பொழுதுக்கு.

மறுநாள் இதைக் கரும்பலகையில் கிரேக்க எழுத்திலேயே எழுதிக் காட்டினேன். அந்தப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதி, பக்கத்தில் ‘கொழுந்துப் பொழுது’ என்று தமிழில் குறித்துக்கொண்டாள். தீட்டா என்னும் முதலெழுத்தின் வட்டம் மட்டும் சற்றுக் கோணலாயிருந்தது, திருத்திக் கொடுத்தேன்.